கடைசி நகரா

சினிமா ஒரு காட்சிக் கலை என்பது எழுபதுகளில் நம்மில் பலருக்கு மந்திரம் போலிருந்தது. அதற்கு நியாயமும் இருந்தது. 1952இல் பராசக்தி வந்த பிறகு தமிழ்ப் படம் என்பது வசனம் ஒப்பிக்கும் மேடையாகிவிட்டிருந்தது. ரேடியோவில் ஒலிச்சித்திரம் என்று படத்தின் ஒலியை மட்டும் ஒலிபரப்பினார்கள். ஊரே உட்கார்ந்து கேட்டது. 1965இல் வந்த திருவிளையாடலின் வசனம் கோயில் கொடைகளில் குழாய் ஒலிபெருக்கியில் முழங்கியது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலே முழுசாகப் புரிந்துவிடும் படம் சினிமாவே அல்ல என்று நாம் எழுதினோம். பிலிம் சொசைட்டிகளில் ராயும் பெர்க்மனும் பார்த்துவிட்டு வந்த சூட்டில் எழுதியது. வசனத்தைத் துரத்தியபோது அதோடு ஒலியும் சேர்ந்து வெளியேறிவிட்டது என்பதை அன்று யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை தமிழில் எழுதப்பட்டுள்ள சினிமா விமர்சனத்தில் காதுக்கு இருக்கும் இடம் சொற்பம். கதை, படிமம், சட்டகம், எடிட்டிங் எல்லாம் உண்டு. ஒரு கதவு சாத்தப்படும் சப்தம் எங்கிருந்து வந்தது என்று கேட்ட விமர்சகர் அபூர்வம்.

அந்த வாதத்தைப் பிடிவாதமாக நடத்தியவர்களில் ஒருவர் மடவார் வளாகத்தில் இருக்கிறார். பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவர். சில இதழ்களோடு நின்றுபோன பத்திரிகை ஒன்றை நடத்தியவர். எங்களுக்கு அவர் அண்ணாச்சி, அதுவே போதும். அவருடைய பார்வையை கிளாகோமா ஓரங்களிலிருந்து சிறுகச் சிறுக அரித்து வந்து கடைசியில் நடுவையும் எடுத்துக்கொண்டது. அந்த நோயில் போன பார்வை போனதுதான். போன வருஷம் அவர் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, அஞ்சு ஸ்பீக்கர் வச்சு படம் கேக்கணும். டிஸ்க் போடுற மெஷின் ஒண்ணு பாத்துக் குடுங்க" என்றார். படம் பார்க்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்த 40,000 ரூபாய் கையிலிருந்தது. அதற்குள் எல்லாம் முடிய வேண்டும்.

இந்தத் தேர்வைப் பற்றி எழுத ஒரு காரணம் உண்டு. கடையில் விற்பவரும், இந்தக் கருவிகளைப் பற்றி எழுதுகிறவர்களும் முதலில் சொல்வதெல்லாம் படத்தைப் பற்றி. எத்தனை புள்ளி, எத்தனை நிறம், எவ்வளவு கறுப்பு. அந்தப் பக்கங்களையெல்லாம் கிழித்துவிட்டு, மிச்சமிருப்பதை மட்டும் வைத்து ஒரு கருவியை எடைபோட வேண்டியிருந்தது. அப்படிப் போட்டபோது கருவியைப் பற்றி மட்டுமல்லாமல் வேறு சில விஷயங்களும் தெளிவாயின.

முதல் கேள்வி, டிஸ்க் எதற்கு என்பது. படங்கள் இன்று இணையத்தின் வழி வீட்டுக்குள் வருகின்றன. டிஸ்க்கின் காலம் முடிந்துகொண்டிருக்கிறது. இந்த வகைக் கருவிகளில் பெரிய மரியாதை பெற்றிருந்த ஓப்போ டிஜிட்டல் 2018 ஏப்ரலில் தயாரிப்பை நிறுத்திக்கொள்வதாக அறிவித்தது. 2019இல் சாம்சங் அமெரிக்காவில் புதிய பிளேயர் எதுவும் இறக்கப்போவதில்லை என்றது. நம் ஊரில் 2007 வாக்கில் 34 ரூபாய்க்கு டிவிடி விற்றுச் சந்தையைப் புரட்டிப்போட்ட மோசர் பேயர் 2018இல் கலைப்புக்குப் போயிற்று. இப்படியிருக்க எழுபத்தெட்டு வயசில் ஒருவர் டிஸ்க் பிளேயர் கேட்பது பிற்போக்கு என்றே தோன்றும்.

ஆனால் இணையத்தில் படம் தேடுவது முழுக்கக் கண்ணின் வேலை. கட்டம் கட்டமாகப் போஸ்டர்கள். அம்புக்குறியை நகர்த்தி நகர்த்தி ஒன்றில் நிறுத்த வேண்டும். நேற்று இருந்த இடத்தில் இன்று அந்தப் படம் இருக்காது. சில சமயம் படமே இருக்காது. பேசும் மெனுக்கள் உண்டு என்றாலும் அவை பேசும் ஆங்கிலம் அண்ணாச்சிக்கு எரிச்சலூட்டுகிறது. டிஸ்க் ஸ்தூலமான பொருள். உறையில் நூல் கட்டி முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறார். மூன்று முடிச்சு என்றால் இன்ன படம். அலமாரியில் வைத்தது வைத்த இடத்தில் இருக்கும். அவருடைய ஞாபகத்துக்கும் விரலுக்கும் கட்டுப்பட்ட ஒரே சினிமா அது. இதோடு ஒலியின் காரணமும் சேர்கிறது. இணையத்தில் வரும் பலதட ஒலி பெரும்பாலும் கழித்து மடித்தது. காதுக்குத் தெரியாது என்று கணக்கிட்டதை எறிந்துவிட்டு மிச்சத்தை அனுப்புவது. பழைய டிவிடியிலும் அப்படித்தான். ஒலித்தட்டான சிடியில் இரண்டு தடத்துக்கு நொடிக்கு 1,411 கிலோபிட் செலவாகிறது. டிவிடியின் டால்பி டிஜிட்டலில் ஆறு தடத்துக்கும் சேர்த்து அதிகபட்சம் 448. ப்ளூ-ரேயில் வரும் டால்பி ட்ரூஎச்டியும் டி.டி.எஸ்.-எச்டி மாஸ்டர் ஆடியோவும் எதையும் எறிவதில்லை. மடிக்கின்றன, விரித்தால் ஒலிக்கூடத்தில் முடிவான பிரதி அப்படியே கிடைக்கும். பிம்பம் இல்லாதவருக்கு இந்த வித்தியாசம் ஆடம்பரமல்ல. எறியப்பட்டதில்தான் அறையின் அளவும் தூரமும் பாதி ஒளிந்திருக்கின்றன.

இரண்டாவது கேள்வி, எந்த பிளேயர். இங்கே மடவார் வளாகத்தின் கதையொன்று எனக்கு உதவிற்று. வைத்தியநாத சுவாமி கோயிலில் திருமலை நாயக்கருக்கு நோய் தீர்ந்தது. அதன் பிறகு இங்கே உச்சிகால பூஜை முடிந்தது தெரிந்தால்தான் மதுரையில் அவர் சாப்பிட உட்காருவார். அதற்காக வழிநெடுக நகரா மண்டபங்கள் கட்டி வைத்தார் என்பது ஊரில் எல்லோரும் சொல்வது. ஒரு மண்டபத்தில் அடிப்பது அடுத்த மண்டபத்துக்குக் கேட்கும்; அங்கே அடிப்பார்கள்; இப்படியே மதுரைவரை. வரலாறு எவ்வளவு, பக்தி எவ்வளவு என்பது நம் விவகாரமல்ல. ஏற்பாட்டின் தர்க்கத்தைக் கவனிக்க வேண்டும். மதுரை இங்கிருந்து சுமார் 75 கிலோமீட்டர். நொடிக்கு 340 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஒலி அந்தத் தூரத்தைக் கடக்க நாலு நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும். அதோடு ஒவ்வொரு மண்டபத்திலும் ஆள் கையை ஓங்கும் நேரம். ஆனால் மடவார் வளாகத்து மணியோசை மதுரைக்குப் போகவே இல்லை. போனது, 'முடிந்தது' என்ற ஒரே சேதி. வழியிலிருக்கும் நகராவின் தோல் தளர்ந்திருந்தாலும், அடித்தவன் கை சலித்திருந்தாலும், அடுத்தவன் காதில் விழுந்துவிட்டால் சேதி புதுசாகப் பிறந்துவிடும். வழியில் அது தேய்வதில்லை. அடித்தால் உண்டு, அடிக்காவிட்டால் இல்லை. அரசர் காதில் விழுந்த ஓசையோ, அரண்மனைக்குப் பக்கத்திலிருந்த கடைசி நகராவின் ஓசை மட்டும்தான்.

இன்று நாம் டிஜிட்டல் என்று சொல்வதும் இந்த ஏற்பாடுதான். டிஸ்க்கிலிருந்து பிளேயர், பிளேயரிலிருந்து எச்டிஎம்ஐ வயர், வயரிலிருந்து ரிசீவர், இவை இடைவழி நகராக்கள். இவற்றின் குரல்வளம் முக்கியமல்ல. தவறாமல் அடிக்கிறானா என்பதே முக்கியம். இசைத்தன்மை, வெதுவெதுப்பு என்றெல்லாம் பிளேயருக்குச் சூட்டப்படும் விசேஷணங்களை நம்பி நாலு மடங்கு விலை கொடுப்பது வழியிலிருக்கும் நகராவுக்குத் தங்கப் பூண் போடுவது போல. கேட்கப்போவது கடைசி நகராவை. ஸ்பீக்கர்களையும் அவை இருக்கும் அறையையும்.

ஆனால் மடித்த ஒலியை எங்கே விரிப்பது என்ற பிரச்னை உண்மையானது. பிளேயரே விரித்துத் தடம் தடமாக அனுப்பலாம். மடித்தபடியே அனுப்பி ரிசீவரை விரிக்கச் சொல்லலாம். எதையும் இழக்காத மடிப்பு என்பதால் எங்கே விரித்தாலும் கிடைப்பது ஒன்றே. பாதைதான் வேறுபடும். பழைய ரிசீவர்களிலுள்ள ஒளியிழை இணைப்பில் இரண்டு தடமோ, கழித்து மடித்த ஆறு தடமோதான் போகும். இந்தப் புதிய ஒலி அதில் போகாது. மடித்தபடி அனுப்ப, 2006இல் வந்த எச்டிஎம்ஐ 1.3ஆவது வேண்டும். இன்னொரு பொறியும் உண்டு. இரண்டாம் ஒலி என்று பிளேயரின் அமைப்பில் ஒரு வரி இருக்கும். மெனுவின் டிக் டிக் சப்தத்தையும், இயக்குநர் பேசும் பின்னுரையையும் படத்தின் ஒலியோடு கலப்பதற்காக. அதைத் திறந்து வைத்தால் பல கருவிகள் எல்லாவற்றையும் பழைய சுருக்க முறையில் மறுபடி மடித்து அனுப்பிவிடும். அத்தனை பணமும் மெனுச் சப்தத்துக்காகப் போய்விடும். முதல் வேலையாக அதை மூடினோம்.

ஆகவே பட்டியல் சிறியதாயிற்று. 4கே வேண்டாம். மேலே சொன்ன இரண்டு ஒலி முறைகளும் சாதாரண ப்ளூ-ரேயிலேயே இருக்கின்றன. கூரையிலிருந்து வரும் அட்மாஸ் ஒலிகூட ட்ரூஎச்டிக்குள் ஒளிந்து சாதாரண ப்ளூ-ரேயில் வந்துவிடுகிறது. பிரதேசப் பூட்டு இருக்கக் கூடாது. ப்ளூ-ரே வியாபாரத்தில் இந்தியா 'சி' பிரதேசம்; அமெரிக்கா 'ஏ'. அண்ணாச்சி கேட்க ஆசைப்படும் படங்களில் பாதி அமெரிக்கப் பதிப்புகள். இங்கே விற்கும் பிளேயரில் போட்டால் அவை மௌனம் சாதிக்கும். நிறுத்திய இடத்திலிருந்து தொடரும் ஞாபகம் வேண்டும். மின்சாரம் போய் வரும் ஊர். எல்லாவற்றுக்கும் மேலாக, முகப்பில் பொத்தான்கள் வேண்டும். தொட்டால் தெரியும் பொத்தான்கள்.

இந்தக் கடைசி நிபந்தனையில்தான் இன்றைய கருவிகள் தோற்றன. கடையில் காட்டிய ஒரு புதிய பிளேயரின் முகம் வழவழவென்று மழித்தது போலிருந்தது. இரண்டே பொத்தான். மற்றதெல்லாம் ரிமோட்டிலும் திரையிலும். உருவாக்கியவர் தன்னைப் போலவே எல்லோருக்கும் கண் உண்டு என்று நினைத்திருக்கிறார். அழகியல் என்ற பேரில் நடந்திருக்கும் விலக்கல் இது. சென்னை ரிச்சி தெருவில் பத்து வருஷத்துக்கும் மேலான பழைய பிளேயர் ஒன்று கிடைத்தது. கனமான உடம்பு. ஓட, நிற்க, முன்னே போக, பின்னே வர என்று வரிசையாகப் பொத்தான்கள். எல்லாப் பிரதேசத்து டிஸ்க்கும் ஓடும்படி யாரோ திறந்து வைத்திருந்தார்கள். ஆனால் செய்தவர்கள் இப்போது பிளேயர் செய்வதில்லை. லேசர் தேய்ந்தால் மாற்றுக்கு அலைய வேண்டும். இந்த ஆபத்தை அண்ணாச்சியிடம் விளக்கினேன். "எனக்கும் அதுக்கும் யாரு முந்துறதுன்னு பாத்துக்கிடுவோம். வாங்கிப் போடுங்க" என்றார். அத்தோடு தேர்வு முடிந்தது.

பழைய ரிசீவர் ஒன்றும், ஆறு பெட்டிகளும் மிச்சப் பணத்தில் வந்தன. வேலை அதற்குப் பிறகுதான் ஆரம்பமாயிற்று. ஐந்து ஸ்பீக்கர்களை எப்படி வைப்பது என்பதற்கு ஒரு சர்வதேசப் பரிந்துரை உண்டு. நடு ஸ்பீக்கர் நேர் எதிரே. முன்பக்க இரண்டும் அதிலிருந்து 30 பாகை விலகி. சூழ் ஒலிக்கான இரண்டும் 100 முதல் 120 பாகைக்குள். அதாவது, பக்கவாட்டுக்குச் சற்றே பின்னால். பெரும்பாலான வீடுகளில் அவற்றைப் பின்சுவரின் இரண்டு மூலைகளில் அறைந்துவிடுகிறார்கள். அண்ணாச்சி பரிந்துரையைக் கேட்கவில்லை. என்னைப் பேசிக்கொண்டே நாற்காலியைச் சுற்றி நடக்கச் சொன்னார். குரல் பக்கத்திலிருந்து முதுகுக்குப் போகும் இடத்தில் கையைத் தூக்கினார். சாக்பீஸால் குறித்து அளந்ததில் வலப்பக்கம் அந்த வரம்புக்குள்ளேயே விழுந்தது. இடப்பக்கம் கதவு. பெட்டி இன்னும் பின்னே, கொஞ்சம் தள்ளித்தான் வைக்க முடிந்தது. ஓர் அடி தூரத்துக்கு ஒலி ஏறக்குறைய ஒரு மில்லிநொடி எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு பெட்டியின் தூரத்தையும் ரிசீவரில் சொல்லிவிட்டால், கிட்டே இருப்பதைத் தாமதப்படுத்தித் தொலைவிலிருப்பதோடு சேர்த்து வைக்கும். திசைக் குறையை அது தீர்க்காது. அதை அவர் சகித்துக்கொண்டார்.

அறை செங்கல் சுவரும் சிமெண்டுத் தரையும். கை தட்டினால் நாலு தரம் திரும்பி வந்தது. ஜமுக்காளம் விரித்தோம். பின்சுவர் ஓரமாகப் பரணிலிருந்த பழைய சிறுபத்திரிகைக் கட்டுகளை ஆள் உயரத்துக்கு அடுக்கினோம். சாணித்தாளும் நியூஸ்பிரிண்டுமாக ஒழுங்கில்லாத அளவுகள். ஒழுங்கின்மைதான் எதிரொலியைச் சிதறடிக்கிறது. நாம் ஐம்பது வருஷமாக எழுதியவற்றுக்கு ஒரு திட்டவட்டமான பயன் உண்டு என்று கண்ணெதிரே நிரூபணமானது. அண்ணாச்சி மறுபடி கை தட்டிப் பார்த்துவிட்டு, "இப்பத்தான்யா நம்ம பத்திரிகை சத்தம் போடாம இருக்கு" என்றார்.

முதலில் தமிழ்ப் படங்கள். நம் சினிமாவில் ஒலியின் சமீபகாலச் சரித்திரம் சிறியது. 1995இல் குருதிப்புனல் டால்பியோடு வந்தது. 1996இல் கருப்பு ரோஜா டி.டி.எஸ்.ஸோடு. தியேட்டரின் டி.டி.எஸ். என்பது உண்மையில் டிஸ்க் பிளேயர்தான். பிலிமில் அந்த டி.டி.எஸ். ஒலி கிடையாது. அதற்கான நேரக் குறியீடுதான் ஓரத்தில் அச்சாகியிருக்கும். அதைப் படித்து, தனியே ஒரு பெட்டியிலிருக்கும் டிஸ்க் ஒலியை ஓடவிடும். நம் ஊர்ப் போஸ்டர்களில் அந்த மூன்றெழுத்துகள் கதாநாயகன் பேருக்குச் சமமாக நின்றன. ஆனால் கிடைத்தது பெரும்பாலும் இரைச்சல். அடி விழுந்தால் நெஞ்சு அதிர வேண்டும், கத்தி வீசினால் தலைக்குப் பின்னால் சுழல வேண்டும். ஒலி எங்கிருந்து வருகிறது என்று காட்டிக்கொண்டார்களே தவிர, ஏன் அங்கிருந்து வர வேண்டும் என்று யோசித்தவர்கள் குறைவு. விதிவிலக்குகள் உண்டு. ஒலிப்பதிவுக்குத் தேசிய விருது வாங்கிய கன்னத்தில் முத்தமிட்டால் (2002) படத்தின் இலங்கைக் காட்சிகளை அண்ணாச்சி இரண்டு தரம் கேட்டார். வெடியைவிட வெடிக்குப் பிறகு வரும் வெளிதான் அவரைப் பிடித்து வைத்தது.

அப்புறம் உதிரிப்பூக்கள். 1979. ஒற்றைத் தட ஒலி. இம்மாதிரிப் பழைய படங்களுக்கு அட்டையில் 5.1 என்று அச்சிட்டு விற்கும் வழக்கம் உண்டு. இல்லாத ஐந்து தடங்களைக் கழுவிப் பிழிந்து உண்டாக்குவது. ரிசீவரும் தன் பங்குக்கு, ஒற்றை ஒலியை ஐந்து மூலைக்கும் பிரித்துப் பூசும் வித்தையை வைத்திருக்கிறது. இரண்டையும் போட்டுப் பார்த்தோம். பாட்டு அறையெங்கும் வழிந்தது. மனிதர்கள் எங்கே நிற்கிறார்கள் என்பது கரைந்துபோனது. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு நடு ஸ்பீக்கரை மட்டும் பேசவிடச் சொன்னார். மகேந்திரனின் படத்தில் ஆற்றங்கரை திரும்பக் கிடைத்தது. உரையாசிரியன் மூலத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும் ஆபத்து நமக்குப் பழக்கமானதுதான். அதை இங்கே ஒரு பொத்தானால் போடவும் எடுக்கவும் முடிகிறது.

இந்தத் திசையில் அவரைத் தள்ளியது பிரெஸ்ஸோன். 1956இல் எடுத்த எ மேன் எஸ்கேப்ட். பிலிம் சொசைட்டிக் காலத்தில் பார்த்தது. அமெரிக்கப் ப்ளூ-ரே 2013இல் வந்தது. சிறையிலிருந்து தப்பும் ஒருவனின் கதை. அவனுக்கே வெளியுலகம் பாதிக்கு மேல் காதால்தான் தெரிகிறது. காவலாளியின் காலடி, படிக்கட்டுக் கம்பியில் உரசும் சாவி, எங்கோ போகும் ரயில். பார்வையற்றவரும் அந்தக் கைதியும் இங்கே ஒரே இடத்தில் இருக்கிறார்கள். ஒற்றைத் தடம், ஒரே ஸ்பீக்கர். ஆனால் ஐந்து ஸ்பீக்கர்களால் எங்கள் அறையில் உண்டாகாத விஸ்தாரம் அதில் உண்டாயிற்று. ஒலியின் திசையைப் பிளேயர் தரலாம். தூரத்தை எடுத்தவன்தான் தர வேண்டும். முடிந்ததும் அண்ணாச்சி வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "கண்ண மூடிக்கிட்டுக் கேட்டா புரியிறது சினிமா இல்லன்னு எழுதினோமே. இது என்ன?" என்றார். அந்தக் கேள்விக்கு எழுபதுகளின் அகராதியில் பதில் இல்லை. நாம் நிராகரித்தது ஒலியை அல்ல, விளக்கத்தை. வசனம் எல்லாவற்றையும் விளக்கிவிட்டது என்பதுதான் குற்றம். அதே வேலையைப் படிமமும் செய்யும், இரைச்சலும் செய்யும்.

ஆனால் பிரச்னை அதோடு தீரவில்லை. படம் பிரெஞ்சு. சப்டைட்டில் கண்ணுக்கானது. ஆகவே நான் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்ல வேண்டியிருக்கிறது. தியேட்டர்களில் பார்வையற்றவர்களுக்கு விளக்க ஒலி தர வேண்டும் என்று மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2024 மார்ச்சில் வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. நல்ல காரியம். ஆனால் நான் பார்த்த தமிழ் டிஸ்க்குகள் எதிலும் அப்படியொரு தடம் இல்லை. அதுவரை என் குரல்தான். முதல் நாள், வசனத்தோடு, திரையில் நடப்பதையும் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது கயிறு திரிக்கிறான், இப்போது ஜன்னலைப் பார்க்கிறான் என்று. பத்து நிமிஷத்தில் கையைப் பிடித்து நிறுத்தினார். "அவங்க பேசுறத மட்டும் சொல்லுங்க தம்பி. மத்தது கேக்குது."

அதிலிருந்து வசனத்தை மட்டும் சொல்கிறேன். அதையும், அந்த ஆளின் குரல் முடிந்த பிறகு, அடுத்த சப்தம் தொடங்குவதற்கு முன், கிடைக்கிற இடைவெளிக்குள். நீளமான வாக்கியத்துக்கு அங்கே இடமில்லை. பல நாள் பழகியும் சில இடங்களில் பிந்திவிடுகிறது. என் குரல் ஒரு காலடியை மிதித்துவிடுகிறது. பிளேயரில் பின்னே போகும் பொத்தானை அவரே தடவி அழுத்துகிறார். இன்னொரு தரம் சொல்லிப் பார்க்கிறேன்.